சினம் தணியும் வழி

நுழையும்முன்

சினத்தை அடக்க வேண்டும் என அறநூல்கள் பலவும் வலியுறுத்துகின்றன. எவ்வாறு அடக்குவது என்ற வினாவிற்குத்தான் விடை எளிதில் கிடைப்பதில்லை. சினம் எழுந்த பின்னர் அதனோடு போராடுவதைவிட, அது எழும் இடத்தை அறிந்து வைத்திருப்பது பயன் தரும். நூற்பாலைகளின் ஊராகிய இராஜபாளையத்தையும் பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரையும் களமாகக் கொண்டு, அன்றாடச் சினத்தின் தோற்றத்தையும் தணிவையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு காலைப்பொழுது

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் அமைந்த இரட்டை ஊர்கள் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் நிறுவிய நூற்பாலைக்குப் பின்னர் இராஜபாளையத்தில் ஆலைகள் பெருகின. பருத்தி நூலும், அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியும் இப்பகுதி மக்களுக்குச் சோறிடுகின்றன. ஆலைகள் இரவிலும் உறங்குவதில்லை. ஆகவே ஆலைத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் ஊரார் விழிக்கும் வேளையில்தான் உறங்கச் செல்கின்றனர்.

இவ்விரு ஊர்களில் எங்கும் காணத்தக்க ஒரு வீட்டை மனத்தில் கொள்ளலாம். தந்தை இராஜபாளையத்து நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து, காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்புகிறார். தாய் பால்கோவா தயாரிக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். பொதுத்தேர்வு நெருங்குகிறது. வீட்டில் இருப்பது ஓர் அறை. அதற்குத் தகரக் கூரை. தந்தை பாயை விரித்துப் படுக்கும் வேளையில் மகன் மனப்பாடப் பகுதியை உரக்கப் படிக்கிறான்.

"ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு வந்திருக்கேன். செத்த நேரம் தூங்க விடுறியாடா?"

"அப்ப நான் எங்கப்பா போய்ப் படிக்க?"

மகன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கேட்ட தொனி தந்தையைச் சுட்டது. அவர் எழுந்து புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தார். சுவரில் மோதிய புத்தகத்தின் தையல் விட்டுப்போனது. "புள்ள படிக்கத்தான செய்றான்" என்று தாய் இடைமறிக்க, சினம் அவர்மீது திரும்பியது. மகன் உண்ணாமலே பள்ளிக்குப் புறப்பட்டான். அங்கே கிழிந்த புத்தகத்தைக் கண்டு நண்பன் ஏதோ கேலி பேசினான். மகன் அவனைத் தள்ளினான். நண்பனின் மூக்குக்கண்ணாடி பெஞ்சில் பட்டு உடைந்தது. மறுநாள் தந்தை பள்ளிக்கு வர வேண்டும் என்று வகுப்பாசிரியர் சொல்லியனுப்பினார். அன்றைய உறக்கமும் ஒரு நாள் ஊதியமும் தந்தைக்குப் போயின. கண்ணாடிக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்நிகழ்ச்சியில் தீயவர் என்று எவருமில்லை. மூக்குக்கண்ணாடியை உடைத்த சினம் நண்பனின் கேலியில் பிறந்ததுமன்று. அது முந்தைய இரவு ஆலையில் தொடங்கி, வீட்டின் வழியாக வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது. வலியவரிடமிருந்து எளியவருக்கு இறங்கிக்கொண்டே செல்வது சினத்தின் இயல்பு. மேலதிகாரியிடம் காட்ட இயலாத சினம் வீட்டில் வெளிப்படும். வீட்டில் காட்ட இயலாதது தோழனிடம் வெளிப்படும். திருப்பித் தாக்க இயலாதவரிடம் சினத்தை அடக்குபவனே உண்மையில் அடக்கியவன் என்னும் வள்ளுவரின் கருத்து இவ்வியல்பை அறிந்து சொல்லப்பட்டதாகும். வெகுளாமை அதிகாரத்தை அவர் துறவறவியலில் வைத்தார். எனினும் அது துறவிகளைவிட ஓர் அறை வீட்டில் நால்வராக வாழ்வோருக்கே மிகுதியும் தேவைப்படுகிறது.

உடலில் நிகழ்வது

சினம் மனத்தில் மட்டும் நிகழ்வதன்று. இடர் ஒன்றைக் கண்டவுடன் போரிடவோ ஓடவோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் முறையை வால்டர் கேனன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. காட்டில் விலங்கை எதிர்கொண்ட மனிதனுக்கு இவ்வாயத்தம் உயிர் காத்தது. இன்று பேருந்தில் இடம் கிடைக்காதபோதும், கைப்பேசியில் வந்த ஒரு வரிச் செய்தியைப் படிக்கும்போதும் உடல் அதே ஆயத்தத்தைச் செய்கிறது. போரிடவும் இயலாது, ஓடவும் இயலாது என்ற நிலையில் எழுந்த ஆற்றல் உள்ளேயே நின்று உழற்றுகிறது.

மாரடைப்பு ஏற்பட்டு உயிர்பிழைத்த ஏறத்தாழ 1,600 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1995ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, கடுஞ்சினம் எழுந்த பின்வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாக உயர்வதைக் காட்டியது. 2024ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, உடல்நலமுள்ள 280 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் ஒரு பிரிவினர் தமக்குச் சினமூட்டிய பழைய நிகழ்ச்சி ஒன்றை எட்டு நிமிடங்கள் நினைத்துப் பார்த்தனர். அவர்களுடைய இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் குறைந்தது. அக்குறைவு நாற்பது நிமிடங்கள் வரை நீடித்தது. யாரும் அவர்களை அப்போது ஏசவில்லை, நினைவு மட்டுமே அத்தனையும் செய்தது என்பது இங்குக் கருதத்தக்கது. நடந்த சண்டையை இரவெல்லாம் அசைபோடுபவர், அச்சண்டையை இரவெல்லாம் போடுபவரே ஆகிறார்.

நாற்பது நிமிடங்கள் என்பது நடைமுறைக்கு ஏற்ற ஓர் அளவு. சினத்தோடு எழுதிய செய்தியை அனுப்பாமல் வைத்திருக்க அக்கால அளவு போதுமானது. அதன் பின்னும் அனுப்பத் தோன்றினால் அனுப்பலாம். பெரும்பாலும் தோன்றுவதில்லை.

கொட்டித் தீர்த்தல்

சினத்தை உள்ளே வைத்திருந்தால் வெடித்துவிடும். ஆகவே அதைக் கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கதவை அறைந்து சாத்துவோரும் தட்டை வீசுவோரும் இந்நம்பிக்கையைத் துணைக்கு அழைப்பர். பிராட் புஷ்மன் என்னும் உளவியல் அறிஞர் இதனைச் சோதித்தார். சினமூட்டப்பட்ட மாணவர்களுள் ஒரு பிரிவினர், தம்மைச் சினமூட்டியவரை எண்ணிக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தினர். மற்றொரு பிரிவினர் எதுவும் செய்யாமல் அமைதியாக அமர்ந்திருந்தனர். குத்தியவர்களின் சினமே இறுதியில் மிகுந்திருந்தது. 2002ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, கொட்டித் தீர்க்கும் கொள்கைக்கு நேர்மாறானது. சினத்தைப் பொருளென்று பற்றிக்கொண்டவனின் கேடு, நிலத்தை அறைந்தவனின் கை தப்பாமல் நோவதைப் போன்றது என வள்ளுவர் சொன்ன உவமையும் குத்துமூட்டைச் சோதனையும் வியப்பூட்டும் வகையில் ஒத்துள்ளன.

புஷ்மனும் சோஃபி கேர்விக் என்னும் ஆய்வாளரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024ஆம் ஆண்டில் மேலும் ஒரு முடிவை வெளியிட்டனர். உடலின் கிளர்ச்சியைக் குறைக்கும் செயல்கள் சினத்தைத் தணிக்கின்றன. நிதானமாக மூச்சுவிடுதல், தியானம், யோகம், தசைகளைத் தளர்த்துதல் ஆகியன அத்தகையவை. கிளர்ச்சியைக் கூட்டும் செயல்கள் சினத்தைத் தணிப்பதில்லை. மெல்லோட்டத்தையும் இரண்டாம் வகையிலேயே அவர்கள் சேர்த்துள்ளனர். ஓட்டம் உடல்நலத்திற்கு நல்லது, உறக்கத்திற்கும் நல்லது. நாள்தோறும் ஓடுபவர் ஓடட்டும். ஆனால் சினம் பொங்கும் அந்தக் கணத்தில் இதயத்தை மேலும் விரைவாக்குவது தணிப்பாகாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் இதனை வேறு வகையில் அறிந்திருக்கின்றனர். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பால்கோவாவிற்குப் பாலும் சர்க்கரையுமே மூலப்பொருள்கள்; மற்றவை அடுப்பும் கையும். விறகடுப்பின் மேல் அகன்ற சட்டியில் பால் கொதித்துச் சுண்டும்வரை துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பால் பொங்கி எழும்போது அதனை அடித்து அடக்க எவரும் முயல்வதில்லை. அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுக்கின்றனர். அடிப்பிடித்த பாலின் வாடை எத்தனை சர்க்கரை இட்டாலும் நீங்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூச்சு அத்தகைய ஒரு விறகு. வளர்ந்தவர் ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். அதனை ஆறு அளவிற்குக் குறைத்து, உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரத்தை நீட்டும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு மெதுவாகிறது. இதற்குத் தனி இடமோ கருவியோ வேண்டுவதில்லை. ஆனால் முன்பே பழகியிருக்க வேண்டும். வெள்ளம் வந்த பின்னர் நீச்சல் கற்பவர் எவருமில்லை. சினமற்ற வேளையில் நாள்தோறும் ஐந்து நிமிடங்கள் பழகியவருக்கே சினம் வந்த வேளையில் அம்மூச்சு உதவும்.

நூல் ஏன் அறுகிறது?

நூற்பாலையில் இழை அறுவது அன்றாட நிகழ்ச்சி. இயந்திரங்களின் வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டே இருக்கும் தொழிலாளர், அறுந்த இழையைக் கண்டவுடன் அதன் முனையை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்ததற்குச் செல்கிறார். ஒரு பணிமுறையில் எத்தனையோ முறை இதனைச் செய்தாக வேண்டும். இழையை வெடுக்கென இழுத்தால் மீண்டும் அறும் என்பதால் சினத்திற்கு அங்கு இடமில்லை.

ஆனால் அறுபட்ட ஒவ்வோர் இழையையும் ஒட்டிக்கொண்டிருப்பதோடு ஆலை நின்றுவிடுவதில்லை. காற்றின் ஈரப்பதத்தை அளக்கிறது. பருத்தி நூற்கும் கூடத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ 55 முதல் 60 விழுக்காடு இருக்குமாறு பார்த்துக்கொள்வர். காற்று உலர்ந்தால் இழைகள் முறுக்கேறி, மயிர் சிலிர்த்து, சிறிய இழுப்பையும் தாங்காமல் அறும். அதே பஞ்சு, அதே இயந்திரம், அதே தொழிலாளர். காற்று மட்டும் மாறியிருக்கும். ஆகவே இழை அதிகமாக அறுந்தால் நூலைக் குறை கூறுமுன் காற்றைச் சோதிப்பது ஆலை வழக்கம்.

மனிதரைப் பற்றி இவ்வாறு எண்ணும் வழக்கம் குறைவு. ஒருவர் எரிந்து விழுந்தால் அவரை முன்கோபி என்று பெயரிட்டு விடுகிறோம். அவர் எத்தனை மணி நேரம் உறங்கினார், எப்போது உண்டார் என்று கேட்பதில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குழுவினரை இரண்டு இரவுகள் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் குறைவாக உறங்கச் செய்து, பின்னர் எரிச்சலூட்டும் ஒலிகளைக் கேட்கச் செய்தனர். வழக்கம்போல் உறங்கியவர்கள் ஒலிக்கு மெல்லப் பழகிக்கொண்டனர். உறக்கம் குறைந்தவர்களுக்கோ சினம் ஏறிக்கொண்டே சென்றது. ஆலையின் இரைச்சலில் இரவைக் கழித்துவிட்டுத் தகரக் கூரையின்கீழ்ப் பகலில் உறங்க முயலும் ஒருவருக்கு, மகனின் படிப்பொலி எவ்வாறு கேட்டிருக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

பதின்மூன்று முதல் பதினெட்டு அகவையினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. தேர்வுக் காலத்தில் இதனைக் கேட்கும் மாணவர்கள் சிரிக்கக்கூடும். நள்ளிரவுவரை படிப்பதைப் பெருமையாகக் கருதும் வீடுகளும் பள்ளிகளும் உள்ளன. கைப்பேசி எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. உறக்கத்தை வெட்டிப் பெற்ற ஒரு மணி நேரத்தை, மறுநாள் எரிச்சலிலும் மறதியிலும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியுள்ளது என்பதையும் கணக்கில் கொண்டால் அப்பெருமை குறையும்.

பசியும் அவ்வாறே. 64 பேரை 21 நாள்கள் பின்தொடர்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, பசி மிகும் வேளைகளில் சினமும் எரிச்சலும் மிகுவதை அவர்கள் தம் அன்றாட வாழ்விலேயே பதிவு செய்தது. காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பள்ளிக்குச் சென்ற அம்மாணவனை நண்பனின் கேலி வழக்கமான நாளில் சிரிக்க வைத்திருக்கலாம். வெயில், தாகம், இரைச்சல், ஓய்வின்மை ஆகியவற்றையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். நல்ல பழக்கங்கள் என்று பெரியோர் சொல்லும் நேரத்து உணவும் நேரத்து உறக்கமும் சலிப்பூட்டும் அறிவுரைகளாகத் தோன்றினாலும், அவை காற்றில் ஈரம் காக்கும் பணியைச் செய்கின்றன.

பெயர் அறிதல்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும். வெகுளி பிறக்கும் இடங்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியன. உறுப்பைச் சிதைத்தல், குடும்பத்தார்க்குத் தீங்கு செய்தல், வைதும் அடித்தும் வருத்துதல், கொல்ல முற்படுதல் என்பன இவற்றின் பொருள். பேருந்து தாமதமாதல் இப்பட்டியலில் இல்லை. மகன் உரக்கப் படித்தலும் இல்லை.

அவ்வாறாயின் அந்தத் தந்தைக்கு வந்தது என்ன? அதே இயலில் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. இரவெல்லாம் நின்ற கால்களின் வருத்தமும், மகனுக்குத் தனியறை தர இயலாத எளிய நிலையும் அவரை உள்ளூரக் குறுகச் செய்தன. "எங்கப்பா போய்ப் படிக்க?" என்ற கேள்வி அந்த இடத்தில்தான் பட்டது. அவர் வெளிக்காட்டியது வெகுளி. உள்ளே இருந்தது இளிவரல். தேர்வை எண்ணிய மகனிடம் இருந்தது அச்சம். வகுப்பறையில் கிழிந்த புத்தகத்தோடு நின்றபோது அவனிடமும் இளிவரல் வந்து சேர்ந்தது. சினம் பல வேளைகளில் பிற உணர்ச்சிகள் அணிந்துவரும் சட்டையாகவே இருக்கிறது. வருந்துவதையும் அஞ்சுவதையும் வெளிக்காட்டுவது இழுக்கு என்று வளர்க்கப்பட்ட ஆண்பிள்ளைகளிடம் இது மிகுதி.

உணர்ச்சிக்குச் சரியான பெயரிடுவதே அதனைத் தணிக்கத் தொடங்குகிறது. மத்தேயு லீபர்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவில் நடத்தி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி ததும்பும் முகங்களைக் கண்டவர்கள் அவ்வுணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது, மூளையில் அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதியின் செயல்பாடு குறைந்தது. தமிழில் இதற்கான சொற்களுக்குப் பஞ்சமில்லை. எரிச்சல் வேறு, சலிப்பு வேறு, உடனே எழுந்தடங்கும் சீற்றம் வேறு, நெடுநாள் நெஞ்சில் நிற்கும் செற்றம் வேறு, கறுவு வேறு, அன்புடையாரிடம் மட்டும் தோன்றும் ஊடல் முற்றிலும் வேறு. இவை அனைத்தையும் கோபம் என்ற ஒரே சொல்லால் குறிக்கத் தொடங்கிய பின்னர், அவற்றைத் தனித்தனியே கையாளும் திறனும் குறைந்துவிட்டதோ என்று ஐயுற இடமுண்டு. நாட்குறிப்பில் நாள்தோறும் மூன்று வரிகள் எழுதும் பழக்கம் இங்கு உதவும். யார் என்ன செய்தார் என்பதைவிட, எதை இழப்போம் என்று அஞ்சினோம் என்பதை அதில் எழுத வேண்டும்.

ஓர் இரவு

ஸ்ரீவில்லிபுத்தூரில் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டி இறைவனுக்குச் சாத்துவதை வாழ்நாள் பணியாகக் கொண்டவர் பெரியாழ்வார். அம்மாலையைத் தம் மகள் கோதை முன்னதாகச் சூடிப் பார்த்ததை ஒருநாள் அவர் கண்டார் என மரபு கூறும். தம் பணி பழுதுபட்டதே எனப் பெரிதும் வருந்திய அவர் மகளைக் கடிந்துகொண்டு, அந்த மாலையைச் சாத்தாது விடுத்தார். அன்றிரவு கனவில், அவள் சூடிய மாலையே வேண்டும் என இறைவன் கேட்டதாகக் கதை தொடர்கிறது. சூடிக்கொடுத்தவள் என்ற பெயர் கோதைக்கு அதனால் வந்தது.

நம்பிக்கை சார்ந்த பொருளை ஒருபுறம் வைத்து, தந்தை மகள் உறவாக மட்டும் இதனைக் காணலாம். மகளின் செயல் பெரும்பிழையாகத் தோன்றிய நாளிலும் அவர் திருத்த இயலாத எதையும் செய்யவில்லை. கடிந்தார், மாலையை நிறுத்தினார், உறங்கினார். பிழையாகத் தெரிந்தது அன்பாகத் தெரிவதற்கு இடையில் ஓர் இரவு இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடகிழக்கே மதுரைக்குச் சென்றால், அந்த ஓர் இரவை அளிக்காத அரசன் ஒருவனைச் சிலப்பதிகாரத்தில் காணலாம். ஊடல் கொண்டு சென்ற தேவியைத் தணிவிக்கப் பாண்டியன் விரைந்துகொண்டிருந்த வழியில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டான். சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்றான். மனம் வேறோரிடத்தில் இருந்த அரசன் ஆராயவில்லை. கோவலனை இழந்த கண்ணகியின் சினத்திற்குத் தொல்காப்பியர் கூறிய நான்காம் நிலைக்களனே காரணம். அச்சினத்தைப் பழிப்பார் எவருமில்லை. மதுரையை எரித்த அத்தீக்கும்கூட, அறவோரையும் பசுக்களையும் முதியோரையும் குழவிகளையும் விட்டுவிடுமாறு கண்ணகி எல்லை வகுத்தாள் என்று இளங்கோவடிகள் பாடியிருப்பது எண்ணத்தக்கது.

நியாயமான சினம்

எல்லாச் சினத்தையும் மூச்சுப் பயிற்சியால் ஆற்றிக்கொள் என்று கூறுவது நேர்மையாகாது. இடைவேளையின்றி வேலை வாங்கப்படுபவரிடமும், சாதியின் பெயராலோ பாலின் பெயராலோ இழிவுபடுத்தப்படுபவரிடமும் சினத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்பவர் தீங்கு செய்தவரின் பக்கம் நிற்பவராகிறார். அத்தகைய சினம் ஒரு செய்தியைக் கொண்டுவருகிறது. அதனைக் கேட்டாக வேண்டும்.

இந்திய ஆலைத் தொழிலாளர்கள் தம் சினத்தைச் சங்கங்களாகவும் கோரிக்கைகளாகவும் மாற்றினர். பல்லாண்டுப் போராட்டங்களின் தொடர்ச்சியாக வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், வளர்ந்த தொழிலாளரின் வேலை நேரத்தை வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் இடையில் அரைமணி நேரமேனும் ஓய்வளிக்க வேண்டும் என்றது. ஆலையில் கல்லெறிந்திருந்தால் உடைந்த கண்ணாடிகளே எஞ்சியிருக்கும். மூச்சைச் சீராக்குவது இத்தகைய சினத்தை மறக்க அன்று. அதனைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் குரலைப் பெறுவதற்காக. நடுங்கும் கையால் எழுதிய மனுவை எவரும் படிக்க இயலாது.

சினம் நாள்தோறும் வருமாயின், பொருள்களை உடைப்பதிலோ பிறரையோ தன்னையோ தாக்குவதிலோ முடியுமாயின், தனியே போராடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தொலைபேசி வழி மனநலச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டிலோ வெளியிலோ ஒருவருடைய சினத்துக்கு இலக்காகித் துன்புறும் குழந்தைகளுக்கு 1098 என்ற எண் உள்ளது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் இழிவு காணாத சமூகம், இதிலும் காணாதிருக்கப் பழகி வருகிறது.

மீண்டும் அந்த வீடு

பள்ளியிலிருந்து தந்தையும் மகனும் ஒன்றாகவே திரும்பினர். பதினொரு நிலைக் கோபுரம் தெரியும் தெரு வரை இருவரும் பேசவில்லை. பின்னர் தந்தை, "காலைல சாப்டியாடா?" என்று கேட்டார். அவர்களுக்குள் மன்னிப்புக் கேட்கும் சொல் அதுவாகத்தான் இருந்தது.

அவ்வீட்டில் அறை ஒன்றுதான். அதை மாற்ற இயலவில்லை. இரவு ஷிப்டையும் மாற்ற இயலவில்லை. வேலை முடிந்து வந்தவுடன் படுக்காமல், குளித்து இரண்டு இட்லியேனும் உண்டபின் படுப்பது என்றாயிற்று. அவ்வரை மணி நேரத்தில் மகன் உரக்கப் படிக்க வேண்டியவற்றை முடித்துவிட்டு, மீதியை அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிக்கிறான். கூரைக்குமேல் தென்னங்கீற்று வேயப்பட்டது. ஜன்னலுக்கு ஈரச்சாக்கைத் தொங்கவிடுவது தாயின் ஏற்பாடு. சண்டைகள் முற்றாக நின்றுவிடவில்லை. தேர்வுக்கு இரு வாரங்கள் இருக்கையில் ஒருநாள் குரல்கள் உயர்ந்தன. மகன் வாசலுக்கு வந்து நின்றுகொண்டான். தந்தை தண்ணீர் குடித்தார்.

தையல் விட்டுப்போன புத்தகத்தைப் புதிதாக வாங்கித் தருவதாகத் தந்தை கூறியிருந்தார். அதற்கு நேரம் அமையவில்லை. ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் அவரே கோணியூசியை எடுத்து, பருத்தி நூலை நான்காக முறுக்கி, பக்கங்களை வரிசையாக அடுக்கித் தைத்தார். மகன் பக்க எண்களைச் சரிபார்த்துக் கொடுத்தான். தைத்த முதுகு மற்றப் புத்தகங்களைவிடச் சற்றுத் தடிப்பாக இருந்தது. தேர்வு முடியும்வரை அதில் ஒரு பக்கமும் கழன்று வரவில்லை.